ஒரிஜினலை எடுக்கவும்

நம்பாதவர்கள் கோவில்பட்டிக்கு வரலாம். புது ரோட்டில் இறங்கி, ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் கடை செண்பகராஜ் என்று கேட்டால் கை காட்டுவார்கள். உள்ளே வாருங்கள். முதலில் என் வலது கையைப் பாருங்கள். இது கட்டுக்கதையா இல்லையா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பேய் என்றதும் நடுச்சாமம், புளியமரம், நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில். 2008-ஆம் வருடம், புரட்டாசி மாதம். மழை ஏமாற்றிய வருடம். கரிசல் காடு கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. எட்டயபுரம் ரோட்டில் ராஜமணி அண்ணாச்சியின் தீப்பெட்டிக் கம்பெனி. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஆபீஸ் அறையில் நான், டைப்பிஸ்ட் பொன்மணி, ஒரு ஜெராக்ஸ் மிஷின்.

காலையில் அண்ணாச்சி போன் செய்திருந்தார்.

“ஏலே செண்பகராஜ், ஒன் மிஷின் செத்துப் போச்சுலே.”

“என் மிஷின் இல்ல அண்ணாச்சி. ஒங்க மிஷின்.”

“நீதான வாங்கச் சொன்ன? ஓடுனா என் மிஷின். ஓடலன்னா ஒன் மிஷின். வா சீக்கிரம்.”

போனேன். மிஷினுக்குள் யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல ஒரு சத்தம். டக்… டக்… டக்… பக்கத்து மூடியைக் கழற்றாமலே எனக்குப் புரிந்துவிட்டது. டிஸ்க் போய்விட்டது.

பழைய மிஷின்களில் இந்தத் தொல்லை கிடையாது. வெளிச்சம் ஓடும், மை ஒட்டும், காகிதம் வரும். அவ்வளவுதான். இது புது மாதிரி. கண்ணாடி மேல் நீங்கள் எதை வைத்தாலும் அதை முதலில் தனக்குள் இருக்கும் ஒரு டிஸ்கில் படமாக எழுதிக்கொள்ளும். பிறகுதான் அச்சடிக்கும். உள்ளங்கை அளவுள்ள இரும்புப் பெட்டி அது. மிஷினின் ஞாபகசக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டுவிட்டால் மிஷின் ஒரு பக்கம்கூடத் தராது.

“கம்பெனி டிஸ்க் மெட்ராஸ்லேந்து வரணும் அண்ணாச்சி. பதினஞ்சு நாளாவும்.”

“வெளங்கும். நாளைக்குக் காலைல தூத்துக்குடியில ஆபீசர் முன்னால நிக்கணும். லைசென்ஸ் புதுப்பிக்கிற விஷயம். ஒரிஜினல கையில கொண்டு போவணும். கூட ஆறு செட்டு காப்பி. இல்லன்னா கம்பெனிய இழுத்துப் பூட்டிட்டு அங்கன இருக்கிற அத்தன பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.”

பொன்மணி மெதுவாகச் சொன்னாள். “மொதலாளி, பஸ் ஸ்டாண்டு கடையில போயி ஒரு எட்டுல எடுத்துட்டு வந்துருவமே…”

“ஏட்டி, என் வாயக் கெளறாத.”

அவர் வாயைக் கிளறினால் என்ன வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நாலு வருடத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டு கடை ஒன்றில் நிலத்துப் பத்திரம் காப்பி எடுக்கப் போனார். காப்பியைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரிஜினலை மிஷின் மூடிக்குள்ளேயே விட்டுவிட்டார். திரும்பிப் போனபோது அது இல்லை. அன்றிலிருந்து எந்த ஒரிஜினலும் அவர் ஆபீஸ் வாசலைத் தாண்டியதில்லை. இந்த மிஷினையே அதற்காகத்தான் வாங்கினார். மூடிக்குள் எதையாவது விட்டுவிட்டால் பீப் பீப் என்று கத்தி, ஒரிஜினலை எடுக்கவும் என்று திரையில் காட்டும் மிஷினாகத் தேடிப் பிடித்து வாங்கினார்.

“வெளி மார்க்கெட் டிஸ்க் போடலாம் அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல உள்ள டிஸ்க்தான். டூப்ளிகேட்னு சொல்லுவாவ. ஓடும்.”

“டூப்ளிகேட்டோ கீப்ளிகேட்டோ. சாயங்காலத்துக்குள்ள ஆறு செட்டு வேணும்.”

கோவில்பட்டியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் என்றால் முகம்மது ரபீக் கடைதான். வயர், மதர்போர்டு, மானிட்டர் என்று கூரை வரை குவித்து வைத்திருப்பார். ஒரு அட்டைப்பெட்டியில் கைவிட்டுத் துழாவி ஒரு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த கம்பெனி லேபிளை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள்.

“எங்க கழட்டுனது பாய்?”

“மதுரையில மூட்டையா எடுத்தது மாப்ள. எந்த ஆபீசு, எந்த ஊருன்னு டிஸ்க்ல ஜாதகமா எழுதியிருக்கு? டெஸ்ட் பண்ணிட்டேன். ஓடுது.”

“ஓடலன்னா?”

“திருப்பிக் கொண்டா. வேற தாரேன். இத வேற ஒரு இளிச்சவாயன் தலையில கட்டிருவேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

டிஸ்க் லேசாகச் சூடாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த மிஷினிலிருந்து அப்போதுதான் கழற்றியது போல. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கடைக்குள் வெயில் வரவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

திரும்பி வந்து மாட்டினேன். மிஷினின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. உள்ளே இரண்டு திருகாணி, ஒரு பட்டை வயர், ஒரு கரண்ட் வயர். பொன்மணி பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள். எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பெண். இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டிஸ்க்கை ஃபார்மட் அடித்தேன். அதாவது, அதில் பழையது எது இருந்தாலும் துடைத்துவிட்டேன். சுத்தமாக. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்தது டெஸ்ட் காப்பி.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்ததும் காகிதம் தேடிக்கொண்டிருக்க மாட்டோம். மூடியைத் திறந்து உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்துவோம். ரேகை ரேகையாக விழுந்தால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எத்தனையோ ஆபீஸ்களில் எத்தனையோ முறை என் கையைக் காப்பி எடுத்துக் கசக்கி எறிந்திருக்கிறேன்.

வலது கையை வைத்தேன். வெளிச்சம் கைக்கு அடியில் ஊர்ந்து போனது. காகிதம் வந்தது.

பொன்மணி எடுத்துப் பார்த்தாள். “அண்ணே… ரெண்டு வெரல காணோம்.”

வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை தெளிவாக விழுந்திருந்தது. கட்டைவிரல் அடியில் எனக்கு ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு. அதுகூட இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு குட்டை முண்டுகள்.

“மிஷினுக்குப் பசி போல” என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கு உள்ளே எரிச்சல். டிஸ்கில் அந்த இடம் எழுத மாட்டேன் என்கிறது என்று முடிவு கட்டினேன். பழைய டிஸ்கில் அப்படி நடக்கும். இன்னொரு முறை கையை வைத்தேன். நன்றாக அழுத்தி, விரல்களை விரித்து.

அதே மூன்று விரல்.

ஒரு பழைய பில்லை வைத்து எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி போல விழுந்தது. ஒரு எழுத்து குறையவில்லை. இன்னொன்று. அதுவும் சரி.

“கையில ஏதும் எண்ணெய் கிண்ணெய் ஒட்டியிருக்கும்ணே” என்றாள் பொன்மணி.

அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி பீரோவைத் திறந்து லைசென்ஸை எடுத்துத் தந்தார். அவர் அப்பா காலத்துக் காகிதம். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் ஒட்டுப் போட்டிருந்தது. இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொடுத்தார். “காப்பி எடுத்ததும் மொதல்ல ஒரிஜினல எடு. என்ன சொல்லுதேன்? மொதல்ல ஒரிஜினல்.” சொல்லிவிட்டு, குச்சிக்கு மருந்து முக்குகிற பக்கம் யாரையோ சத்தம் போடப் போய்விட்டார்.

பொன்மணி லைசென்ஸைக் கண்ணாடி மேல் வைத்தாள். மூடினாள். ஆறு என்று அழுத்தினாள். பச்சைப் பொத்தான்.

சர்ர்ர்… டக். சர்ர்ர்… டக்.

அந்த மிஷினில் காகிதம் குப்புறத்தான் வந்து விழும். வெள்ளை முதுகுதான் தெரியும். நான் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சர்ர்ர்… டக். சர்ர்ர்… டக். சர்ர்ர்… டக்.

“ஆறுதான போட்ட?”

“ஆறுதாண்ணே.”

தட்டில் ஆறுக்கு மேல் இருந்தது. நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. பீப்… பீப்… என்று கத்தவும் ஆரம்பித்தது. திரையில் அந்த வரி.

ஒரிஜினலை எடுக்கவும்.

நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். சர்ர்ர்… டக்.

பொன்மணி தட்டில் கிடந்ததை அள்ளித் திருப்பினாள். முதல் காகிதம் முழுக்க ஒரே கறுப்பு. நடுவில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தட்டையாக அழுந்தியிருந்தது. மாவு உருண்டையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி. அதில் ஒரு மச்சம். மச்சத்துக்கு மேல்…

ஒரு கண்.

திறந்திருந்தது.

“இது என்னண்ணே?”

அது ஒரு கன்னம். யாரோ ஒரு ஆளின் கன்னம். கண்ணாடியோடு சேர்த்து அழுத்தப்பட்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொன்மணி டைப்பிங் படிப்பதற்கு முன்னால் அதே கம்பெனியில் லேபிள் எண்ணுகிற வேலை பார்த்தவள். லேபிள் கட்டை ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் ஓரத்தை வளைத்து விர்ர்ரென்று விடுவாள். எண்ணிக்கை சரியாக வரும். கையில் எந்தக் காகிதக் கட்டு வந்தாலும் அவள் விரல் தானாக அதைச் செய்யும்.

அன்றும் செய்தது.

விர்ர்ர்…

படம் நகர்ந்தது.

அந்த முகம் கண்ணாடியிலிருந்து மேலே எழுந்தது. ஒரு கணம் வெறும் இருட்டு. மறுபடி வந்து மோதியது. வாய் திறந்தது. எழுந்தது. மோதியது. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எழுந்தது. மோதியது. உதடு கிழிந்து பல் தெரிந்தது. எழுந்தது. மோதியது. பல் இல்லை. கண்ணாடியில் கறுப்பாக ஏதோ தெறித்து வழிந்தது. கண் மட்டும் மூடவில்லை. ஒவ்வொரு முறையும் நேராகப் பார்த்தது. எங்களைத்தான் பார்த்தது.

பொன்மணி கட்டைக் கீழே போடவில்லை. போட முடியவில்லை. விரல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசிக் காகிதம் மேலே வந்திருந்தது.

அதில் பிடரியும் தெரிந்தது. பிடரியை ஒரு கை பிடித்திருந்தது. அந்தக் கைதான் தலையைத் தூக்கித் தூக்கி அடித்திருந்தது.

“அண்ணே…” என்றாள். “இந்தக் கை…”

மூன்று விரல்.

மின்விசிறி நின்றது.

அந்த வருடம் தினமும் மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் போய்விடும். நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் ‘ஓ…’ என்று ஒரே குரலில் அலுத்துக்கொண்டார்கள். டியூப் லைட் அணைந்தது.

மிஷின் நிற்கவில்லை.

சர்ர்ர்… டக்.

ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். வயர் என் கையில் இருந்தது.

சர்ர்ர்… டக்.

பீப்… பீப்… பீப்…

ஒரிஜினலை எடுக்கவும்.

கதவு திறந்தது. ராஜமணி அண்ணாச்சி. “என்னலே சத்தம்? கரண்ட் இல்லாம எப்படிலே ஓடுது? ஏலே, என் லைசென்ஸு எங்க?”

லைசென்ஸ் உள்ளே. மூடிக்குள். கண்ணாடி மேல்.

மூடியின் இடுக்கிலிருந்து லேசாகப் புகை வந்தது. காகிதம் கருகுகிற வாசம்.

“எரியுதுலே! ஒரிஜினல எடு! ஒரிஜினல எடுலே!”

மிஷினும் அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

நான் இடது கையால் மூடியைத் தூக்கினேன். லைசென்ஸ் முழுசாகத்தான் இருந்தது. ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது. வலது கையை விட்டு அதன் மேல் உள்ளங்கையை வைத்து இழுத்தேன். வரவில்லை. கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். லைசென்ஸ் நழுவி வந்தது. அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார்.

என் உள்ளங்கை வெறும் கண்ணாடி மேல் இருந்தது.

கண்ணாடிக்கு அடியில் ஏதோ அசைந்தது.

கீழேயிருந்து ஒரு உள்ளங்கை மேலே வந்தது. என் கைக்கு நேராக. கண்ணாடியில் படிந்தது. அளவு சரியாக இருந்தது. ரேகைக்கு ரேகை. தழும்புக்குத் தழும்பு.

மூன்று விரல்.

கையை இழுத்தேன்.

வரவில்லை.

மூடி என் இடது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கியது. விழவில்லை. அடித்தது. யாரோ இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தது போல.

டமார்.

எழுந்தது.

டமார்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அண்ணாச்சி என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

டமார்.

எலும்பு உடைகிற சத்தம் தீக்குச்சி ஒடிகிற சத்தம்தான். வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

டமார்.

மூடியின் ஓரத்தில் ரத்தம் வழிந்து திரை மேல் சொட்டியது. அதற்கு அடியில் எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

ஒரிஜினலை எடுக்கவும்.

டமார்.

“பொன்மணி…! டிஸ்க்…! பின்னால…! உருவு…!”

அவள் மிஷினுக்குப் பின்னால் பாய்ந்தாள். சின்னக் கதவை நான் இன்னும் மூடியிருக்கவில்லை. திருகாணி கழற்றவெல்லாம் நேரமில்லை. இரண்டு கையையும் உள்ளே விட்டு, காலைச் சுவரில் ஊன்றி, அந்த டிஸ்க்கை வயரோடு பிய்த்தாள்.

மூடி பாதி உயரத்தில் நின்றது.

பீப் நின்றது.

வெளிச்சம் போனது.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது ஆபீஸ் தரைதான்.

பாளையங்கோட்டையில் கண் விழித்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் போயிருந்தன. “வெட்டு சுத்தமா இருக்கு. மிஷின் மூடி அடிச்சா இப்படிப் போவாதே. அருவாள்ல போட்ட மாதிரில்லா இருக்கு” என்றார் டாக்டர். ஒட்ட வைக்கலாம் என்று விரல்களைக் கொண்டுவரச் சொன்னாராம். அண்ணாச்சி ஆபீஸ் முழுக்கத் தேடினார். மிஷினைப் பிரித்துப் போட்டும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

லைசென்ஸ் தப்பித்தது. அன்று சாயங்காலம் அண்ணாச்சியே அதை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய் ஆறு செட் எடுத்தார். ஓரத்தில் தெறித்திருந்த என் ரத்தம் ஆறு காப்பியிலும் கறுப்பாக விழுந்தது. ஆபீசர் கேட்டதற்கு, மை கொட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாராம். கம்பெனி இன்றும் ஓடுகிறது. அந்த முகம் விழுந்த காகிதக் கட்டை அன்றைக்கே அவர் கழிவுக் குச்சியோடு போட்டு எரித்துவிட்டார். “நாம எதையும் பாக்கல” என்று பொன்மணியிடம் சொன்னாராம்.

டிஸ்க்கை ரபீக் வந்து வாங்கிக்கொண்டு போனாராம். சொன்ன சொல் மாறாத மனுசன். வேறு டிஸ்க் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

எனக்கு இரண்டாவது ஆபரேஷன் ஒன்பதாவது நாள் நடந்தது. மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தியேட்டருக்குள் கொண்டு போனார்கள். மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். மஃப்டியில் இருந்தார். இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி என்றார். பின்னால் ரபீக். ரபீக் முகத்தில் ரத்தமே இல்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு போட்டோவைக் கட்டிலில் வைத்தார். “இவியளத் தெரியுதா?”

கல்யாண வீட்டில் எடுத்த படம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். சந்தனப் பொட்டு. சிரித்த முகம். வலது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்.

காகிதத்தில் பார்த்த அதே மச்சம்.

“பேரு வன்னியபெருமாள். கழுகுமலை ரோட்டுல பைனான்ஸ் ஆபீஸ் வச்சிருக்காவ. வச்சிருந்தாவ. முந்தாநாள் மத்தியானம், ஆளுக எல்லாம் சாப்பிடப் போன நேரம். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். ஒடச்சித்தான் உள்ள போனாவ. ஜெராக்ஸ் மிஷின் மேல கெடந்தாவ. முகம் இருந்த எடத்துல முகம் இல்ல.”

“அவிய மிஷின்ல டிஸ்க் போயிட்டுன்னு வந்தாவ மாப்ள.” என்றார் ரபீக். “அந்த டிஸ்க்கத்தான்… நாந்தான் போயி மாட்டுனேன். ஃபார்மட் அடிச்சித்தான் மாட்டுனேன். அல்லா மேல ஆணை.”

முந்தாநாள் என்பதை நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். நாங்கள் அந்த முகத்தைப் பார்த்து ஒன்பது நாளைக்குப் பிறகு.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் ஒரிஜினல் இருக்கும். அப்புறம்தான் காப்பி வரும். அன்றைக்கு மட்டும்தான் காப்பி முதலில் வந்தது.

“மணி என்ன சார் இருக்கும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுன்னு சொல்லுதாவ. கரண்ட் போன நேரம். பக்கத்துக் கடைக்காரன் சத்தம் கேட்டிருக்கான். யாரோ கதவப் போட்டு அடிக்கிற மாதிரி.” இன்ஸ்பெக்டர் இன்னொரு போட்டோவை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். “இதப் பாரும். அவிய பிடரி.”

பிடரியில் ஒரு கைத்தடம். கன்னங்கரேலென்று. மூன்று விரல். கட்டைவிரல் அடியில் குறுக்காக ஒரு கோடு.

“ரத்தத்துல பதிஞ்ச கை இல்ல இது. கரி மாதிரி ஒரு பொடி. ஜெராக்ஸ் மிஷின்ல போடுற மையின்னு சொல்லுதாவ. சும்மா ஒட்டியிருந்தா தொடச்சாப் போயிரும். இது தோலோட வெந்து போயிருக்கு. பிணத்தக் குளிப்பாட்டியும் போவல. அப்படியேதான் எரிச்சாவ.”

என் கட்டைப் பார்த்தார். கட்டு பிரிக்கிற நாள் வரை காத்திருந்தார். அன்று அவரே வந்து, டாக்டர் முன்னால் என் கையை மையில் தோய்த்துப் பதித்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

“ஒத்துப்போவுது” என்றார். “ஒரு ரேகைகூட மாறல.”

என் கையைத் திருப்பிப் பார்த்தேன்.

“அந்த நேரத்துல நீரு ஆபரேஷன் டேபிள்ல மயக்கத்துல கெடந்தீரு. நாலு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காவ. நான் என்னத்த எழுத?”

கேஸ் இன்னும் முடியவில்லை. பொன்மணி அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது என் கடையில்தான் இருக்கிறாள். ஆனால் மிஷின் ஓடும்போது தட்டுப் பக்கம் நிற்க மாட்டாள். நான் பழைய டிஸ்க் தொடுவதில்லை. டெஸ்ட் காப்பிக்குக் காலண்டர் தாளைத்தான் வைக்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் வாசல்வரை போன இன்ஸ்பெக்டர் திரும்பி நின்று கடைசியாகச் சொன்னதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பைனான்ஸ் ஆபீஸ் மிஷினின் பின்கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். திருகாணி இரண்டும் அப்படியே இருந்ததாம். வயர் அப்படியே இருந்ததாம். டிஸ்க் இல்லையாம். அது இப்போது எந்த ஊரில், எந்த மிஷினுக்குள் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

“போனது போச்சு. ஒரு தடவையோட விட்டுச்சேன்னு நினைச்சுக்கிடும்” என்றார்.

தலையாட்டினேன்.

அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் டெஸ்ட் காப்பிக்காக நான் கை வைத்தது இரண்டு முறை.